மலைச்சாலைக்கு ஒரு பெட்டி

பூ தாப் போக் மலை ஏறும்போது லம்யாயின் இடது முழங்கால்தான் முதலில் பேச ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் பிக்கப் வண்டி மூச்சு வாங்கி நிற்கப் பார்க்கும். கிளட்சை மிதித்து முதல் கியருக்கு வரவேண்டும். வளைவு தாண்டியதும் மறுபடி மிதிக்கவேண்டும். பின்னால் கோழி எரு மூட்டைகள். மேலே முட்டைக்கோஸ் தோட்டக்காரர்களிடம் அதை இறக்கிவிட்டு, கோஸ் ஏற்றிக்கொண்டு லோம் காவ் சந்தைக்கு இறங்குவதுதான் பிழைப்பு.

இந்த வண்டியை ஓட்டியது அவள் புருஷன் ப்ராயூன். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து அவன் வலது காலையும் வலது கையையும் படுக்கப் போட்டது. பேச்சு மட்டும் தப்பித்தது. வீட்டில் இருக்கச் சொன்னால் இருக்கமாட்டான். தினமும் அவனைத் தாங்கிப் பிடித்துப் பக்கத்து சீட்டில் ஏற்றுவாள். ஏறி உட்கார்ந்ததிலிருந்து அவன் வாய் ஓயாது.

"கிளட்ச்ச முழுசா மிதி. பாதி மிதிச்சா தட்டு தேஞ்சுடும்."

"மிதிக்கிறேன்ல."

"எங்க மிதிக்கிற? எறும்ப மிதிக்கிற மாதிரி மிதிக்கிற."

லம்யாய் அடுத்த வளைவுக்குக் காலைத் தூக்குவாள். பதில் சொல்லவும் தெம்பு வேண்டும்.

இன்ஜினுக்கு இழுவை கூட்டும் சிப் போடலாம் என்ற யோசனை அவனுடையது. படுக்கையில் கிடந்தபடி போனில் அதைப் பற்றித்தான் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். பிக்கப்புகள் கரும்புகை கக்கிக்கொண்டு பந்தயம் ஓடும். இவன் சின்னப் பையன்போல் அதையே திரும்பத் திரும்பப் போடுவான். இளவட்ட டிரைவர்களெல்லாம் போட்டுவிட்டார்கள், ஏற்றத்தில் நம்மை முந்திக்கொண்டு போய் நல்ல கோஸை அள்ளிவிடுகிறார்கள் என்றான். லம்யாய் வேறு கணக்குப் போட்டாள். வளைவில் முதல் கியருக்கு இறங்காமல் ஏற முடிந்தால் முழங்கால் பிழைக்கும். அதனால்தான் சரி என்றாள்.

சிப் போடும் கடைக்காரனின் பட்டப்பெயர் கோப். தவளை என்று பொருள். குழந்தையில் வைத்த செல்லப்பெயர் நாற்பது வயதிலும் போகவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான். "எதுக்குக்கா? வேகத்துக்கா, பாரத்துக்கா?"

"பாரத்துக்கு" என்றாள் லம்யாய்.

"ரெண்டுக்கும்" என்றான் ப்ராயூன், சீட்டில் இருந்தபடியே. "தம்பி, லேப்டாப்ப வச்சு வண்டி கம்ப்யூட்டரையே மாத்தி எழுதுவீங்களே, அதப் போடு. நூறு குதிரைசக்தி கூடணும்."

"போடலாம்ண்ணே. ஆனா கிளட்ச் பழசு, டர்போ பழசு. எருவ ஏத்திக்கிட்டு மலையில அந்தப் பவர அமுக்கினா ஏதாவது ஒண்ணு போயிரும். இந்தச் சின்ன பாக்ஸே போதும். பிடிக்கலன்னா கழட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

அவன் உள்ளங்கையில் கறுப்பாக ஒரு பெட்டி. சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது.

"இது என்ன பண்ணும்?" என்றாள்.

"பொய் சொல்லும். டீசல் அழுத்தம் கொறைவா இருக்குன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லும். அது நம்பி இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுக்கும்."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. மாத்திர போட்டுக்கிட்டேன்னு சொல்லும். நானும் நம்புவேன்."

கோப் சிரித்தான். ப்ராயூன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாட்டுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இன்ஜின் ஓரத்தில் ஒரு குழாய், அதன் முனையில் சென்சார். அதில் செருகியிருந்த வயரைக் கழற்றி, நடுவில் பெட்டியைச் செருகி, சூடு படாத இடமாகப் பார்த்து இறுக்கிக் கட்டினான். இன்னொரு வயரை வண்டிக்குள் கொண்டுவந்து கியருக்கு முன்னால் ஒரு திருகு பொருத்தினான். ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள்.

"ரெண்டுலயே இருக்கட்டும்க்கா. பாரத்தோட அதுக்கு மேல திருப்பாதீங்க. அஞ்சு, காலி வண்டிக்கு மட்டும்."

அந்த வாரம் முழுக்க இரண்டில்தான் ஓடியது. நம்பவே முடியவில்லை அவளுக்கு. வளைவில் பிக்கப் ஒரு முனகலோடு இரண்டாவது கியரிலேயே ஏறியது. கால் சும்மா இருந்தது. முழங்கால் இரவில் குத்தவில்லை. ஆனால் ப்ராயூன் பேசுவதை நிறுத்திவிட்டான். கிளட்ச் மிதிக்காத ஏற்றத்தில் அவன் சொல்ல என்ன இருக்கிறது? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான். நிம்மதி என்று முதலில் நினைத்தாள். பிறகு அந்த மௌனமும் அவன் பேச்சைப்போலவே கனத்தது.

ஒரு காலை, ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஐஸ் காப்பி வாங்க இறங்கினாள். அவனுக்குப் குச்சியில் சுட்ட பன்றி இறைச்சியும் ஒட்டரிசிச் சோறும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வண்டியை எடுத்தபோதே ஏதோ மாறியிருந்தது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் வண்டி பாய்ந்தது. முதல் வளைவைத் தாண்டும்போது கண்ணாடியில் பின்னால் சாலையே தெரியவில்லை, அவ்வளவு புகை. ப்ராயூன் முகத்தில் பல மாதமாய்க் காணாத ஒரு களை.

"என்ன பண்ணின?"

"ஓட்டு, ஓட்டு. எப்படி இழுக்குது பாத்தியா?"

அடுத்த செங்குத்தில் இன்ஜின் அலறியது; வண்டி நகரவில்லை. கருகிய நாற்றம் அடித்தது. ப்ராயூனின் முகம் மாறியது.

"கிளட்ச் வழுக்குது. கால எடு. ஓரமா விடு, கைபிரேக்க இழு."

சொன்னபடி செய்தாள். இறங்கிச் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தாள். அப்புறம்தான் திருகைப் பார்த்தாள். ஐந்து.

கத்துவாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். அவளால் கத்த முடியவில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, ஐஸ் கரைந்துபோன காப்பியைக் குடித்தாள்.

"திட்டேன், கிழவி."

"அலுப்பா இருக்கு, கிழவா. சாயங்காலம் திட்டுறேன்."

அவன் திருகைப் பார்த்தபடி சொன்னான். "நான்தான் ஓட்டுறேன்னு ஒரு தடவ தோணணும்னு பாத்தேன். எனக்கு அந்தத் திருகுதான் எட்டுது."

அவள் எழுந்து அவனிடம் வந்தாள். ஒட்டரிசியைப் பிட்டு அவன் இடது கையில் வைத்தாள்.

அந்த வழியாக வந்த யெங் என்ற தோட்டக்காரன், ஹ்மோங் மலைவாசி, தன் வண்டியை நிறுத்தினான். நாற்றத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. "என்னண்ணே, எருவக் கொண்டுவரச் சொன்னா வறுத்துக் கொண்டு வரீங்க?" என்றான். பாதி மூட்டைகளைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டான். கிளட்ச் ஆறியதும் திருகை ஒன்றில் வைத்து, ப்ராயூன் சொல்லச் சொல்ல, முதல் கியரில் ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள்.

மூட்டைகளை இறக்கியதும் வண்டி காலி. கோஸ் ஏற்றும் இடம் இன்னும் தள்ளி, மலைமுகட்டில் நீளமாகக் கிடக்கும் சமதளச் சாலையின் கடைசியில். லம்யாய் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மனசு வேண்டாம் என்றது. உடம்பு வீட்டுக்குப் போ என்றது.

"திருப்பு" என்றாள்.

"என்னது?"

"அஞ்சுக்குத் திருப்பு. கியர் எப்ப மாத்தணும்னு நீ சொல்லு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு இடது கையால் திருகினான்.

"மெதுவா எடு… இப்ப… ரெண்டு… அமுக்கு… மூணு. கிளட்ச்ச முழுசா மிதி."

கிளட்ச் ஒருமுறை தயங்கியது, அப்புறம் பிடித்தது. இரண்டு பக்கமும் கோஸ் தோட்டங்கள் பச்சையாக ஓடின. ப்ராயூன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த கியரைச் சொன்னான். அவள் கால் வலித்தது. சாலை முடியும்வரை காலை எடுக்கவில்லை.

அறுவடை முடிந்ததும் கிளட்ச் தட்டை மாற்றினார்கள். கோப் திருகைக் கழற்றிவிட்டு, பெட்டி இரண்டிலேயே நிற்கும்படி செய்துகொடுத்தான்; செய்யச் சொன்னது ப்ராயூன்தான். அவன் இப்போதும் கூட வருகிறான். ஏற்றத்தில் அவள் கேட்கிறாள், "கியர மாத்தட்டுமா?" அவன் காதைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்கிறான். எங்கே மாற்றவேண்டும் என்பது பெரும்பாலும் அவளுக்கே தெரியும். இருந்தாலும் கேட்கிறாள்.