மலையில் போட்ட கடல் முடிச்சு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. செண்டாய் நகரத்திலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் போனில் கேட்டார்: "சிப்பி வளர்க்கிறவங்க மலையேறி மரம் நடுறாங்களாமே நமியே சான், நெஞ்சைத் தொடுற மாதிரி ஒண்ணு எழுதுங்களேன்." நெஞ்சைத் தொட எனக்கு வராது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவள் நான். படித்தது காட்டியல்.

முதல் வரி: காலைப் பனியில் மலை கடலைப் பார்த்துப் புன்னகை

(நிறுத்திவிட்டேன். எங்கள் மலை புன்னகைக்காது. சேற்றைத் துப்பும்.)

2

மலைமேல் இருந்த சுகி மரத் தோப்பை மொத்தமாக வெட்டி விற்றார்கள். அதிலிருந்து, மழை பெய்தால் ஓடை சேறாக இறங்கிச் சிப்பிகளை மூச்சுமுட்டக் கொல்கிறது. இந்த வருஷம் எங்களுடையதில் பாதி போயிற்று. இன்னொரு வருஷம் இப்படிப் போனால் அப்பா படகை விற்கவேண்டியதுதான்.

மண்ணைப் பிடித்துவைக்க வருஷா வருஷம் ஜூனில் ஊரே மலையேறும். நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் படகில் ஏற்றும் கொடிகளைச் சரிவில் ஏற்றி, இந்த மண்ணுக்கே உரிய புனா மரக்கன்றுகளை நட்டு, சோற்றுருண்டை தின்று, போட்டோ எடுத்து இறங்கும். அடுத்த ஜூன் வரை ஒரு ஆள் எட்டிப் பார்க்காது.*

* கன்று செத்தால் "மான் தின்னுடுச்சு" என்பார்கள். பாவம் மான்.

கொன்றது முடிச்சு. கன்றைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட, சிப்பியைத் தொங்கவிடும் கயிற்றுக்குப் போடும் அதே நைலான் முடிச்சு. கடலில் அது இளகவே கூடாது. மரமோ பருக்கும்.

3

சிப்பி வளர்ப்போர் சங்கத் தலைவர் என் அப்பா தொகுஜி. ஊர் அவர் கையைப் பார்த்துத்தான் கட்டும்.

"அப்பா, கழுத்தை நெரிக்குது பாருங்க."

"இத்தனை வருஷத்துல என் முடிச்சு ஒண்ணு அவுந்திருக்கா? ஊர்ல யாரை வேணா கேளு."

"அவுராததுதான் பிரச்சினையே."

அப்பாவின் கூட்டாளி கெனிச்சி மாமா கையைத் தட்டினார். "பட்டதாரி வந்துட்டா, எல்லாரும் எந்திரிங்கடா!"

"மாமா, கல்யாணத்தன்னிக்கு பெல்ட்டை மாட்டின ஓட்டையிலதான் இன்னைக்கும் மாட்டுறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவைத் தவிர.

குளிர்காலத்தில் தனியாகப் போய்ச் சில கயிறுகளை அறுத்தேன். அவர் போய் மறுபடி கட்டினார். இன்னும் இறுக்கமாக.

4

(அப்பாவைக் கொஞ்சம் அன்பானவராக எழுதலாமா? பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும். வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம்: மரம் பிழைத்தால் அடுத்த ஜூனில் நட இடமிருக்காது. கொடியை எங்கே ஏற்றுவது? செத்துப்போகும் மரம்தான் இந்த ஊருக்குத் தோது.)

5

இந்த ஜூன். மூன்று வருஷத்துக்கு முன் நட்ட புனா ஒன்றின் முன் அப்பா குந்தினார். கயிறு பட்டைக்குள் புதைந்திருந்தது. விரலை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. கத்தியைத் திறந்தார். சரிவில் இருந்தவர்கள் வேலையை விட்டுச் சுற்றிக் கூடினார்கள்.

முடிவு ஒன்று: அறுக்கிறார். ஊரும் அறுக்கிறது. கொடிகள் பறக்

முடிவு இரண்டு: கத்தியை மடித்துப் பையில்

இரண்டும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "அறுத்தா சாஞ்சிராதா?"

நான் பட்டம் வாங்கியபின் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சிலது சாயும். கட்டுண்டே வளர்ந்ததற்குத் தானாக நிற்கும் தெம்பு ஏது? அதைச் சொன்னால், ஊர் பார்க்கக் கத்தியை மடித்துவிடுவார். சாயாது என்றால் அறுப்பார். முதல் மரம் சாய்கிற அன்றைக்கே எல்லாவற்றையும் திரும்பக் கட்டுவார், அதன்பின் என்னை எதுவும் கேட்கமாட்டார்.

நெஞ்சைத் தொடும் கதை வேண்டும் என்றீர்களே. வாருங்கள், மேலே ஏறி வந்து நீங்களே பதில் சொல்லுங்கள். கத்தி திறந்தபடி அவர் குந்தியிருக்கிறார்.