தினம் ஒரு சாண்

துவைக்கப் போட்ட சட்டைப்பையில் மறுபடியும் சாக்பீஸ் கிடந்தது. "இன்னொரு தடவை பார்த்தேன்னா, சட்டையை நீங்களே துவைச்சுக்குங்க" என்று கணவரைத் திட்டினேன். சிரித்துக்கொண்டே பஸ் பிடிக்கப் போனார். பஸ்ஸிலேயே இதயம் நின்றுவிட்டது.

எங்கள் தெருவின் இருபத்திரண்டு வீடுகளுக்கும் பொதுவாக சோலார் பேனல் போட வேண்டும் என்று ஒரு வருடமாக அலைந்தவர் அவர். எந்த மாடியில் எத்தனை மணிக்கு நிழல் விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தார். நாள் முழுக்க வெயில் விழுவது புறாக்காரரின் மொட்டைமாடியில் மட்டும்தான். அங்கேயும் நட்டநடுவில் பெரிய புறாக்கூண்டு. ஓரமாக நகர்த்தச் சொன்னபோதெல்லாம், "உங்க வீட்டை நகர்த்தினா எங்க போய்ப் படுப்பீங்க, தம்பி?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவார் புறாக்காரர்.

மாதக் கடைசிக்குள் புறாக்காரர் கையெழுத்து வராவிட்டால் திட்டம் ரத்து என்று மின்சார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன். புறாக்கள் கூண்டைத் தேடி வருவதில்லை, இடத்தைத் தேடித்தான் வரும் என்று புறாக்காரர் விளக்கினார்.

"ஒரு சாண் தள்ளி வச்சா கண்டுபிடிச்சுக்குமா, அண்ணே?"

வெகுநேரம் மோவாயைத் தடவினார். "ஒரு சாண்னா... கண்டுபிடிச்சுக்கும்."

"அப்ப தினம் ஒரு சாண்."

மறுநாள் காலை எங்கள் தெரு டெய்லர், நர்ஸ், பஸ் டிரைவர், நான் என நாலு பேரும் கூண்டின் நாலு மூலையைப் பிடித்தோம். யார் கை அளவு என்பதில் தகராறு. டிரைவர் கையை விரித்ததும் டெய்லர், "இந்தச் சாண்ல போனா கூண்டு நாளைக்கு அடுத்த தெருவுல நிக்கும்" என்றார். கடைசியில் புறாக்காரர் கைதான் அளவு என்று முடிவானது. அதுவோ குழந்தைக் கை மாதிரி. பதினைந்து நாள் வேலை இருபது நாள் இழுத்தது.

கெடு முடியும் நாளில் கூண்டு சுவரை ஒட்டி நின்றது. புறாக்களைப் பறக்கவிட்டுக் காத்திருந்தோம். அலுவலகம் மூட ஒரு மணி நேரம்தான் இருந்தது. முப்பது புறாக்கள் உள்ளே போய்விட்டன. ஒன்றைக் காணோம். பேனாவை நீட்ட எனக்குக் கை எழவில்லை. கடைசியாக ஒரு சாம்பல் புறா வந்து பழைய இடத்தில் இறங்கியது. சுற்றிப் பார்த்தது. பிறகு நடந்தே கூண்டுக்குப் போனது.

"உன் வீட்டுக்காரர் இருந்திருந்தா, அது நடந்த வழிக்கும் கோடு போட்டிருப்பாரும்மா" என்றபடி புறாக்காரர் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இப்போது இருபத்திரண்டு வீடுகளிலும் அந்த மாடியின் மின்சாரம்தான் ஓடுகிறது. சாம்பல் புறா இன்றும் அதே இடத்தில், பேனல் மேல் இறங்கி, அங்கிருந்து நடந்துதான் கூண்டுக்குப் போகிறது.