பட்டன் மட்டும்தான் பாக்கி

சொன்ன தேதியில் துணி கொடுத்தார் என்று அந்தத் தையல்காரர் மீது யாரும் பழி சொல்ல முடியாது. ஒருவனின் கல்யாணச் சட்டையை அவன் முதல் குழந்தையின் பிறந்தநாளுக்குக் கொடுத்த மனிதர். “எல்லாம் முடிஞ்சுது, பட்டன் மட்டும்தான் பாக்கி” என்பார். துணியில் கத்தரியே பட்டிருக்காது.

வரிக்கணக்குக் கொடுக்கும் கடைசி நாள் நெருங்கிய வாரத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது. வரி அலுவலகத்து அதிகாரி பேசுகிறாராம். பழைய வரி பாக்கியை இன்றே கட்டாவிட்டால் கைது என்று குரல் உறுமியது. போனுக்கு வரும் ரகசிய எண்ணை மட்டும் சொன்னால் போதுமாம், பணத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். என்ன கரிசனம்!

தையல்காரர் பயந்துபோனார். வரி விஷயத்திலும் அவர் தேதியைக் காப்பாற்றியவர் இல்லை என்பதால் அப்படியே நம்பிவிட்டார். வங்கியில் இருந்ததோ மனைவியின் கண் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் கொடுத்துவிடுவது என்றுதான் முடிவு செய்தார். ஜெயிலுக்குப் போய்விட்டால் அவளை யார் அழைத்துப் போவது?

ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே. கேட்டதை உடனே கொடுத்துப் பழகாத வாய். சாயங்காலம் கண்டிப்பாக ஆகிவிடும் என்றது.

சாயங்காலம் போன் வந்தபோது, கரண்ட் இல்லை என்றார். தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை, வங்கிக்குப் போன ஆள் திரும்பவில்லை என்றார். அப்படி ஓர் ஆளே கிடையாது. மதியம், மச்சினன் செத்துப்போனதாகச் சொன்னார். மச்சினன் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பயம் போகவில்லை, வாயும் தன் தொழிலை விடவில்லை. கடைசியில் பதற்றத்தில், எல்லாம் ரெடி, பட்டன் மட்டும்தான் பாக்கி என்றும் உளறிவிட்டார்.

இப்போது அந்தப் பக்கம் பேசியவனிடம் அதிகாரியின் உறுமல் போயிருந்தது.

“அண்ணே, உங்களை நம்பி ரெண்டு நாளா உக்காந்திருக்கேன். எனக்கு மேல இருக்கிறவன் என்னைத் திட்டுறான். எப்பதான் தருவீங்க? ஒரு தேதியாவது சொல்லுங்க.”

இந்தக் குரல் தையல்காரருக்கு அத்துப்படி. கடையில் தினமும் கேட்கிற குரல். அரசாங்கம் மிரட்டும், அபராதம் போடும், தேதி சொல்லச் சொல்லிக் கெஞ்சாது. போனை வைத்தார். இன்னும் ஒரு தடவை அதட்டியிருந்தால் கொடுத்திருப்போமே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொண்டது. எத்தனுக்கு எத்தன் நான், இந்த வாய் இல்லாவிட்டால் உன் ஆபரேஷன் பணம் போயிருக்கும் என்றார்.

அவள் திட்டவில்லை. ரகசிய எண்ணை எந்த அதிகாரியும் போனில் கேட்கமாட்டான், இனி எவன் கேட்டாலும் பொய் சொல்லிக்கொண்டிருக்காமல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்றாள். பிறகு அலமாரியின் அடியில் துழாவி, ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“அவன் ரெண்டு நாள்ல ஓஞ்சுட்டான். இது நம்ம பெரியவ பிறந்தப்ப நான் தைக்கக் கொடுத்த துணி. கண்ணுக்கட்டு அவிழ்க்கிற அன்னிக்கு இதைத்தான் போட்டுக்கணும்.”

தையல்காரர் வாயைத் திறந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயை மூடிக்கொண்டு, அளவு நாடாவை எடுத்தார்.