அறுபத்து மூன்றாவது நொடி

தேர்வாய் கண்டிகையில் அம்மா வேலை செய்யும் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். கார் கதவுக்குத் தகடு அடிக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பாதுகாப்பு வாரத்துக்குத் தொழிலாளர்களே குறும்படம் எடுத்துத் தரலாம் என்று அங்கே அறிவிப்பு ஒட்டினார்கள். எல்லோரும் ஹெல்மெட்டின் பெருமையைப் பாடுவார்கள் என்று நிர்வாகம் நம்பியது. என் அம்மா கிரேஸ், பதினோரு வருடம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றதில் தன் காது எப்படிப் போனது என்று எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பெரிய மேனேஜர் வந்து உட்காரும்போது அது திரையில் ஓட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

நாலு நிமிடப் படம். முதல் அறுபத்திரண்டு நொடிக்குச் சத்தமே கிடையாது. மெஷின் இறங்குகிறது, ஏறுகிறது, வாய்கள் அசைகின்றன. அம்மாவுக்கு உலகம் அப்படித்தான் என்பதால், படத்தை வெட்டி ஒட்டிய தங்கை பிரின்சி அந்தப் பகுதியில் ஆடியோவையே வைக்கவில்லை.

கம்பெனி ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதிலிருக்கும் சினிமா நூலக மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தானே சோதித்து, போஸ்டர் ஒட்டி, என்ன மொழி, எந்த வகை ஆடியோ என்று பட்டியல் போடும். அம்மாவின் படத்துக்கு நேரே ‘ஆடியோ கண்டறியப்படவில்லை’ என்று போட்டது. வெல்ஃபேர் ஆபீசர் அன்புசெல்வனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஆடியோ இல்லாத படம் விதிப்படி செல்லாது என்றார். அந்த விதிக்கு அப்போது வயது பத்து நிமிடம்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம், இரண்டு அரியர். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். சாதாரண பிளேயரில் படத்தைப் போட்டுக் காட்டினேன். அறுபத்து மூன்றாவது நொடியில் மெஷின் சத்தம் தெளிவாக வந்தது.

“எனக்குக் கேக்குது தம்பி. சிஸ்டத்துக்குக் கேக்கலியே,” என்றார் ஆபீசர்.

மென்பொருள் தான் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் முதல் ஐந்து நொடியை மட்டும் பார்க்கிறது. அதற்குள் ஆடியோ தென்படாவிட்டால், இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. எனக்குக் கம்பெனி டாக்டர் ஞாபகம் வந்தார். போன வருடம் அவரும் அம்மாவின் எதிரே உட்கார்ந்து பெயரென்ன என்று கேட்டார். அம்மா அவர் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள். காது நன்றாக இருப்பதாக எழுதிவிட்டார். ஐந்து நொடிதான்.

விஷயத்தை விளக்கியதும் ஆபீசர் முகம் மலர்ந்தது. அந்த ஒரு நிமிடத்துக்குக் கம்பெனிப் பாட்டை ஓட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார். அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாட்டு வெச்சா அது எங்காது இல்ல சார். வேற யாரோ ஒர்த்தரோட காது. என் படம் வேணான்னா, வேணான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

ஆபீசர் பேனாவைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார். பேனா அங்கேதான் இருந்தது. கை மட்டும் வெறுமனே திரும்பியது.

அதற்குள் நான் செட்டிங்கில் ஐந்தை எழுபதாக்கியிருந்தேன். மறுபடி சோதித்தும் பழைய தீர்ப்பே வந்தது. முன்பு எழுதியதையே பார்த்து ஒப்பித்தது, அசல் எங்கள் கல்லூரி போல. படத்தைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். எழுபது நொடி வரை பொறுத்துப் பார்த்து, ‘ஏஏசி, ஸ்டீரியோ’ என்று ஆடியோவின் வகையைப் போட்டு ஒப்புக்கொண்டது. இனி ஒவ்வொரு படமும் ஏறத் தாமதமாகுமே என்று ஆபீசர் கவலைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் மாற்றித் தருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைய ஆட்கள். முன்வரிசையில் பெரிய மேனேஜர். அம்மாவின் படம் சத்தமில்லாமல் ஆரம்பித்தது. இருபதாவது நொடியில் மேனேஜர் திரும்பிப் பார்த்தார். ஆபீசர் ஆம்ப்ளிஃபயரிடம் ஓடி வால்யூமைத் திருகினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் திருகினார்.

“சார், ஒக்காருங்க. வரும்,” என்றாள் அம்மா.

அவர் கடைசி வரை திருகிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அம்மா மடியில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து போய் வால்யூமைக் குறைத்திருக்கலாம். போகவில்லை.

அறுபத்து மூன்றாவது நொடியில் பிரஸ் மெஷின் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேனேஜர், ஆபீசர், நான், எல்லோரும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டோம்.

அம்மா மட்டும் கையை மடியில் வைத்தபடி, எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.