நீள வைக்கோல்

ரெண்டுபோன் எதிர்வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தபோது, நான் காய்ந்துபோன துணியை இரண்டாம் தடவையாக உதறிக்கொண்டிருந்தேன். அறுவடை வண்டி பிடித்துத் தருகிற ஏஜெண்ட் அவர். கைக்கொரு போன் வைத்திருப்பதால் தெருவில் அந்தப் பெயர். அன்றைக்கு ஒரு போன் வீடியோவில், டயருக்குப் பதில் பட்டைச் செயினில் ஊர்கிற செயின் வண்டி ஓடியது, இன்னொன்றில் டயர் வண்டி. செருப்புக்கடையில் நிற்பவர்கள் மாதிரி புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

செயின் வண்டிக்கு ஈர வயல் ஒரு பொருட்டே இல்லை என்றார் ரெண்டுபோன். பாரத்தைப் பரப்பிக்கொண்டு சேற்றின்மேல் போய்விடும். கதிரை நீளமான உருளைக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி அடிப்பதால் ஒரு நெல்மணி தப்பாது. ஆனால் வைக்கோல் நொறுங்கித் தூளாகத்தான் வெளியே வரும். டயர் வண்டி கதிரை ஒரே அடியில் உதிர்த்துவிட்டு, தாளைக் குலுக்கிக் குலுக்கிப் பின்னால் தள்ளும். வைக்கோல் நீளமாக விழும், கட்டுக் கட்டலாம். என்ன, தரை காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் இறக்கினால் அச்சு வரை புதைந்துவிடும்.

வயலில் இன்னும் ஈரம் இருந்தது. நெல்லோ முற்றித் தலை சாய்த்திருந்தது. செயின் வண்டி மறுநாளே வரும். டயர் வண்டிக்கு நாலு நாள் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கார அண்ணன் செயின் என்றார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஒரு தடவையும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை என்றாலும். அக்கா டயர் என்றாள்.

நெல் அவருக்கு, மாடு அவளுக்கு என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். போன வருஷம் செயின் வண்டி விட்டுப்போன தூளை மாடுகள் மூக்கால் ஊதிவிட்டுப் பட்டினி நின்றன. அக்கா சாலையோரமெல்லாம் புல் அறுத்துப் பார்த்தாள். கோடை முடிவதற்குள் மூன்று மாடு இரண்டாகிவிட்டது. இந்த வருஷமும் வைக்கோல் இல்லையென்றால் இரண்டும் போகும். அப்புறம் அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அடுப்புதான் மிச்சம்.

“ஒரு வருஷமாவது என் பேச்சு எடுபடட்டுமே,” என்றாள்.

அண்ணன் வானத்தைப் பார்த்தார். “உன் இஷ்டம்,” என்றார்.

புருஷன்கள் அப்படிச் சொல்வது விட்டுக்கொடுப்பது அல்ல, சாட்சி வைத்துக்கொள்வது. சாட்சியாக நான்தான் துணியோடு நின்றேனே. அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் மழை வருமா என்று கேட்டாள். போனில் சொல்கிற மழை என்றைக்கு வந்திருக்கிறது, பேசாமல் இரு என்று பெரிய மனுஷி மாதிரி தைரியம் சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. பயிர் மொத்தமும் படுத்துவிட்டது. ரெண்டுபோனின் இரண்டு போனும் ஒரே சமயத்தில் அணைந்திருந்தது அப்போதுதான். செயின் வண்டி ஒன்பதாம் நாள் வந்தது. டிரைவர் வரப்பில் குனிந்து ஒரு கதிரைப் பிடித்துத் தூக்கினார். மணிக்கு மணி பச்சையாக முளைவிட்டிருந்தது. தாளின் அடி அழுகி நாறியது. “இதுல இறங்கினா டீசல்தாண்ணே வீண்,” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அக்காவால்தான் போயிற்று என்று தெருவே பேசியது. நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் அது நாலு வீடு சுற்றி, ஆளுக்கொரு வரி கூடி, புதுச் செய்தி போல என் காதுக்கே வந்து சேர்ந்தது. நானும் அப்படியா என்று கேட்டுவைத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் இரண்டு மாட்டையும் அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே அக்கா ஓடினாள். அவளுக்குப் பின்னால் நான், ஏதோ அந்தப் பக்கம் வேலை இருப்பது போல. மேட்டுப் பக்கம் தண்ணீர் வடிந்து, கதிர்கள் பாய் விரித்தது போலக் கிடந்தன. அவர் மாடுகளை அதில் விட்டார்.

“உன் மாட்டுக்குத்தானே பார்த்தே? தின்னட்டும்.”

“ஏங்க, இவ்வளவு நெல்லைத் தின்னா வயிறு ஊதிச் செத்துடும்ங்க.”

அவர் வரப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எட்டிப் பார்க்க, எனக்கே அன்று மனம் வரவில்லை. அக்கா சேற்றில் இறங்கிப் பெரிய மாட்டின் வாய்க்குள் கையை விட்டு நெல்லை வழித்து எறிந்தாள். அது அடுத்த வாய்க்குக் குனிந்தது.

“நின்னு வேடிக்கை பாக்கறியே. அந்தக் கயித்தப் பிடிடி.”

இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது. இழுத்தேன். முன்னங்கால்களை ஊன்றிக்கொண்ட சின்ன மாடு அசையவில்லை. ஈரக் கயிறு என் கையில் வழுக்கிக்கொண்டே போக, தலையைத் தூக்காமல், முளைவிட்ட கதிர்களை அது நிதானமாக மென்றுகொண்டிருந்தது.