அட்டவணையில் இல்லாத பெயர்

தாண்டவராயன் திவால் மனு போட்ட வருஷம் திண்டிவனத்தில் பதினான்கு பேருக்கு மஞ்சக் கடுதாசி வந்தது. கோர்ட்டு அனுப்புகிற நோட்டீசுக்கு ஊரில் அதுதான் பெயர். கடன் கொடுத்தவன் கையில் அது வந்து விழுந்தால், கொடுத்ததை மறந்துவிட வேண்டியதுதான்.

ஜீவேந்திரனுக்கு வரவில்லை. மூன்று லட்சம் கொடுத்திருந்தார். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்காமல். ஆனாலும் தன் தானியக் கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்: "எல்லாருக்கும் அனுப்புவான். எனக்கு அனுப்பமாட்டான், பாத்துக்கினே இரு."

அதில் ஒரு பெருமை இருந்தது. தாண்டவராயனின் வேர்க்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, உடைக்கும் மெஷின் அந்தக் கடைக்குப் பின்னால்தான் ஓடியது. ஜீவேந்திரன் ஜைனர், ஊர் வழக்கில் நயினார்; பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்தரை ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாண்டவராயன் சத்தம் போடுவார்: "யோவ் நயினாரு, சூரியனே கடைய மூடிட்டான். நீ இன்னும் எடை போட்டுக்கினு இருக்கியா?" இருபத்தாறு வருஷம் அப்படி.

பிறகு ஒரு நாள் முற்பகலில், ஜீவேந்திரன் மயிலம் பக்கம் கேப்பை கொள்முதலுக்குப் போயிருந்தபோது, கோர்ட்டு அமீனா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தாண்டவராயன் ஐ.பி. கேஸும்மா. ஐயாவுக்கு" என்று மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

ஜீவேந்திரனின் மனைவி குசுமா கையை நீட்டவில்லை. "எங்களுக்கு வாணாம். எடுத்துக்கினு போங்க."

"இன்னான்னு பாத்துட்டாவது சொல்லுங்கம்மா."

"பாக்க வாணாம்."

காகிதம் மஞ்சளா வெள்ளையா என்றுகூட அவள் பார்க்கவில்லை. அமீனா அதன் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

மத்தியானம் கணவருக்குச் சோறு போடும்போது சொன்னாள்: "உங்களுக்கும் அனுப்பிட்டாரு உங்க ஆளு. நான் திருப்பி அனுப்பிட்டேன்."

தன்னுடைய அந்தக் குரல் இன்றைக்கும் அவளுக்குக் கேட்கிறது. அதில் கொஞ்சம் திருப்தி இருந்தது. பணம் கைமாறிய நாளிலிருந்து தான் சொல்லிக்கொண்டிருந்தது நடந்துவிட்ட திருப்தி.

ஜீவேந்திரன் ரசம் ஊற்றச் சொன்னார். மறுநாள் கடையின் பின்பக்க ஜன்னலுக்கு முன்னால் மூட்டைகளை அடுக்கச் சொன்னார். தாண்டவராயன் இரண்டு முறை வீட்டுக்கு வந்தபோது, ஆள் இல்லை என்று குசுமாதான் வெளியே போய்ச் சொன்னாள். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அவர் எழுந்து போய்விடுவார். மூன்று வருஷம் கழித்து நெஞ்சுவலி வந்து புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்தார். எடுக்கிற அன்று தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் தாண்டவராயன் நின்றுகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். கூப்பிடவில்லை.

ஏழு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு பேரில் ஒருவரான உரக்கடை வெங்கடாசலம் போன் செய்தார்.

"குசுமாம்மா, தாண்டவராயன் இப்ப விடுதலை கேட்டு மனு போட்டுக்கிறான். கோர்ட்டு குடுத்துட்டா நம்ம கடன் மொத்தமும் காலி. பதினெட்டாந்தேதி வாய்தா. நீங்க ஒரு ஆட்சேபணை போட்டீங்கன்னா அவனால அசைய முடியாது."

"நான் போட்டா இன்னா ஆவும்?"

"அத்த வக்கீலு சொல்வாரு. போடுங்க, சொல்றேன்."

அவளுக்கும் போட வேண்டும் என்றுதான் இருந்தது. பணம் வந்தால் சரி. அதைவிட, அந்த மனிதரைக் கூண்டில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அவருக்குமா அனுப்பினீர்கள்?

ஜில்லா கோர்ட்டு இருக்கிற இடம்தானே என்று முதலில் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே உதவி மையத்தில் வெண்ணிலா என்ற பெண் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள்.

"இது உங்க ஊரு கேஸும்மா. கடன் வாங்கினவரு எங்க குடியிருக்காரோ அங்கதான் திவால் மனு போடணும். திண்டிவனம் சப் கோர்ட்டு" என்று வழக்கு எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"இத யாரு வேணும்னாலும் பாக்கலாமா?"

"பேரு தெரிஞ்சா கேஸு நம்பரு, வாய்தா எல்லாம் பாக்கலாம். ஒரு மனு போட்டா கேஸு கட்டையே பிரிச்சுக் காட்டுவாங்க. உங்க வீட்டுலேர்ந்து அந்தக் கோர்ட்டு எவ்ளோ தூரம்?"

"நடந்தா பத்து நிமிஷம்."

வெண்ணிலா சிரித்தாள். குசுமா சிரிக்கவில்லை.

திண்டிவனத்தில் அன்புச்செல்வி என்ற வக்கீலைப் பிடித்தாள். மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, நான்கு நாள் காத்திருந்த பிறகு கோர்ட்டு ஆபீசில் ஒரு மேசைமேல் கட்டைப் பிரித்து வைத்தார்கள். கடன் கொடுத்தவர்களின் அட்டவணை முதலிலேயே இருந்தது. பெயர், விலாசம், தொகை. குசுமா விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். மறுபடியும் மேலே போய் வந்தாள். பதினான்குதான்.

"எங்க வீட்டுக்காரரு பேரே இல்ல மேடம்."

"இல்ல. அதாம்மா உங்க பிடி. தெரிஞ்சே ஒரு கடன மறைச்சிட்டாருன்னு சொன்னா, விடுதலை குடுக்க ஜட்ஜு யோசிப்பாரு."

"அப்ப எங்க வீட்டுக்கு வந்தது?"

அன்புச்செல்வி தாள்களைப் புரட்டி ஒன்றில் நின்றாள். வெள்ளைத் தாள். "சாட்சி சம்மன். வெங்கடாசலம் தரப்புல கேட்டு வாங்கிக்கிறாங்க. உங்க வீட்டுக்காரரு வந்து, ஆமா நானும் கடன் குடுத்தேன், என் பேர மறைச்சிட்டான்னு சொல்லணும்னு." தாளைத் திருப்பினாள். நீல மையில் ஒரு வரி: வீட்டிலிருந்த மனைவி வாங்க மறுத்தார்.

சாட்சி வராவிட்டாலும் அன்றைய விசாரணை நடந்திருந்தது. அடுத்த பக்கத்தில் தாண்டவராயனின் வாக்குமூலம். குறுக்கு விசாரணையில் அவர் சொன்னதைக் கோர்ட்டு அப்படியே எழுதி வைத்திருந்தது.

'ஜீவேந்திரனிடம் மூன்று லட்சம் வாங்கியது உண்மை. அவர் பெயரை அட்டவணையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அந்தக் கடன் தீர்ந்துபோகும். அது தீரக் கூடாது. அவருக்குக் கோர்ட்டு மூலமாக அல்ல, என் கையால் தரவேண்டும். சேர்க்கச் சொன்னாலும் சேர்க்க மாட்டேன்.'

"சட்டம் அப்படி இல்லம்மா" என்றாள் அன்புச்செல்வி. "எழுதாத கடனும் விடுதலையில அடிபட்டுப் போவும். இவரா ஒரு சட்டம் வெச்சிக்கிட்டு, அத கூண்டுல ஏறி வேற சொல்லிக்கிறாரு. ஆட்சேபணைக்கு அதுவே போதும், நமக்கு வேலையே இல்ல."

குசுமா அந்தப் பக்கத்திலேயே கையை வைத்திருந்தாள். அந்தக் காகிதத்தை வாங்கி மேசைமேல் வைத்திருந்தால் போதும். ஜீவேந்திரன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து இந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்து, இதைத் தன் காதால் கேட்டிருப்பார். கேட்டுவிட்டு வெளியே வந்து தாண்டவராயனைக் கண்டபடி ஏசியிருப்பார். பிறகு இருவரும் ஒரே வண்டியில் கடைக்குத் திரும்பியிருப்பார்கள்.

ஆட்சேபணை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் வாய்தாவுக்கு நீங்கள் வரவே வேண்டாம் என்றாள் அன்புச்செல்வி. பதினெட்டாம் தேதி குசுமா போனாள்.

வராந்தா பெஞ்சில் தாண்டவராயன் உட்கார்ந்திருந்தார். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் செக்யூரிட்டி வேலை. அந்த நீலச் சட்டையோடே வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா தங்கச்சி. ஆட்சேபணை போட்டுட்டியா?"

"இல்லண்ணே."

"போட்டுட்டுத்தான் போயேன். எனக்கு இன்னா, இன்னும் ரெண்டு வருஷம் வாய்தாவுக்கு வர்றேன். இங்க வடை நல்லாகீது."

"கட்டைப் படிச்சேன்."

தாண்டவராயன் தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு நயினாரு வருவான்னு வாசலையே பாத்துக்கினு இருந்தேன். வீட்டம்மா வாங்கலன்னு சொல்லிட்டாங்க. சரி, உனக்கு எம்மேல கோவம், அவனுக்கு விஷயமே தெரியாதுன்னு நெனச்சிக்கினேன். அப்புறமும் ஏன் பேசலன்னுதான் எனக்குப் புரியவே இல்ல. பேரு எழுதலன்னு கோச்சிக்கினானா?"

ஆமாம் என்றால் போதும். அவரே ஒரு காரணத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் நடந்தால் வீடு.

"இல்லண்ணே. நீங்க மஞ்சக் கடுதாசி அனுப்பிட்டீங்கன்னு நான்தான் அவருகிட்ட சொன்னேன். வந்தது இன்னான்னு பிரிச்சுக்கூடப் பாக்காம."

அவர் அவளைப் பார்த்தார். "நம்பிட்டானா?"

"நம்பிட்டாரு."

தாண்டவராயன் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து டபேதார் அவர் பெயரைக் கூப்பிட்டார்.

"கடைசி வரைக்குமா?"

குசுமா ஆமாம் என்று தலையை அசைத்தாள். பெயரை இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். அவருடைய வக்கீல் வாசலுக்கு வந்து, "யோவ், உன்னத்தான்யா, ஜல்தி வா" என்று தோளைத் தொடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.