துண்டு பிடித்த இடம்

"அந்தத் துண்டுக்குக் கால் வலிக்குமாப்பா?" என்று ஜானு கேட்டாள்.

சின்னக் குழந்தை, ரயில் மரியாதைகள் இன்னும் பிடிபடவில்லை. மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாயங்கால வண்டி அது. மூன்றாம் வகுப்புப் பலகையில், ஜன்னலோரமாக, சரிகைக் கரைத் துண்டு ஒன்று வசதியாக விரிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்ட நல்லகாமன் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி முனியாயி அவர் தலையை இரு கையாலும் பிடித்திருந்தாள். தலை அதிர்ந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வண்டிக்கு அது தெரியாது, குலுங்கிக்கொண்டே போயிற்று.

"சாமி, அந்தத் துண்டக் கொஞ்சம் ஒதுக்குனா இவுக உக்காந்துக்கிருவாக," என்றாள் முனியாயி.

ஜானுவின் அப்பா சாம்பசிவம் இரக்கமில்லாதவர் அல்ல. திருநீறு இடாமல் வாசல் தாண்டாதவர். "அது எங்க ஹெட் குமாஸ்தா துண்டும்மா. ஜன்னல் வழியாப் போட்டுட்டுப் போனாரு. அடுத்த பெட்டியில பேசிக்கிட்டிருப்பாரு, இந்தா வந்துருவாரு."

சீசன் டிக்கெட்காரர்களுக்குள் இது எழுதாத சட்டம். மேலதிகாரியின் துண்டு விழுந்த இடத்தில் ஈகூட யோசித்துத்தான் உட்காரும்.

"வரட்டும்ணே. வந்ததும் எந்திரிச்சுக்கிறட்டும்," என்றார் எதிர்ப் பலகையிலிருந்த வளையல் வியாபாரி பீர் முகமது.

"அதெப்படி பாய்? நாளைக்கு நான் அவரு மூஞ்சில முழிக்க வேண்டாமா?"

"இவரும் நாளைக்கு யாரு மூஞ்சியவாச்சும் பாக்கணும்ல."

பீர் முகமது எழுந்து, தம் இடத்தில் நல்லகாமனை உட்காரவைத்து, தம் போர்வையை மடித்துத் தலைக்கு அண்டைகொடுத்தார். வளையல் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார். ஆண்டவன் இடம் பிடிக்கிற விதம் இப்படித்தான். யாராவது ஒருவர் எழுந்துகொண்டால் போதும்.

சாம்பசிவமோ திருமங்கலம் வரை துண்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக் காவல் காத்தார். ஹெட் குமாஸ்தா வரவேயில்லை. மூக்குப்பொடி வாங்கப் போனவர் மதுரையிலேயே வண்டியைத் தவறவிட்டிருந்தது மறுநாள்தான் தெரிந்தது. அவர் ஏறாத வண்டியில் அவர் கௌரவம் மட்டும் காலை நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. சாம்பசிவம் அதை நான்காக மடித்து, பிரசாதம்போல் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நல்லகாமனுக்குப் பார்வை வந்துவிட்டது.

கண்ணுக்கு மருந்து வாங்க முனியாயி பிறகொரு நாள் தனியாக மதுரை போய்த் திரும்பினாள். திரும்பும் வண்டியில் எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். எதிரே, மடியில் வளையல் பெட்டியோடு பீர் முகமதுவும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் கதவு பாதியில் சிக்கியிருந்தது. மேற்கு வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. கதவை இழுத்துப் பார்த்தாள், இறங்கவில்லை.

முனியாயி ஜன்னலை மறைத்து நின்றுகொண்டாள். அவள் நிழல் அவர் முகத்தில் விழுந்தது. வண்டி வளையும்போதெல்லாம் அவளும் சற்று நகர்ந்து நின்றாள். திருமங்கலம் வருவதற்குள் வெயில் தணிந்துவிட்டது. அவரை எழுப்பாமல் இறங்கிப் போனாள்.